‘தி நியூஸ்ரூம்’ கடைசி சீசன்: கேபிள்காரனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் கேபிள் லைன் நடத்துகிறேன். ‘தி நியூஸ்ரூம்’ என்கிற அமெரிக்கத் தொடரைப் பார்க்கச் சொல்லி வீட்டில், டீக்கடையில், பாக்ஸ் மாற்றப் போகிற வீடுகளில் எல்லாம் ஒன்றரை வருடமாக நச்சரித்துவிட்டேன். பாதிப் பேர் முதல் எபிசோடிலேயே ஓடிவிட்டார்கள். மீதிப் பேர் மூன்றாவது சீசன், அதாவது கடைசி சீசன், முடிந்த மறுநாள் கடைக்கு வந்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதி வைக்கிறேன். கதையை முழுசாக உடைத்திருக்கிறேன். பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

இது என்ன தொடர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

எச்.பி.ஓ. சேனலில் 2012 ஜூன் முதல் 2014 டிசம்பர் வரை மூன்று சீசன், மொத்தம் 25 எபிசோட். எழுதி உருவாக்கியவர் ஆரன் சோர்கின். ஏ.சி.என். என்று ஒரு கற்பனைச் செய்தி சேனல். அதில் இரவுச் செய்தி வாசிப்பவர் வில் மெக்அவாய். நடித்த ஜெஃப் டேனியல்ஸுக்கு 2013-ல் எம்மி விருது கிடைத்தது. நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் மெக்கன்சி, எல்லோரும் மேக் என்பார்கள். வில்லின் பழைய காதலியும் அவர்தான். இவர்களுக்கெல்லாம் மேலே செய்திப் பிரிவின் தலைவர் சார்லி ஸ்கின்னர். எப்போதும் போ டை, கையில் பாட்டில். சேனலின் முதலாளியம்மா லியோனாவாக ஜேன் ஃபோண்டா. கற்பனைச் சேனல் என்றாலும் அவர்கள் சொல்லும் செய்திகள் நிஜத்தில் நடந்தவை: மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவு, பின்லேடன் சாவு, பாஸ்டன் குண்டுவெடிப்பு என்று போகும்.

கேபிள்காரருக்கு இதில் என்ன வேலை?

அதை நானும் யோசித்திருக்கிறேன். எங்கள் அப்பா ஆரம்பித்த லைன் இது. 2003 செப்டம்பரில் சென்னையில் முதன்முதலாக செட்டாப் பாக்ஸ் வைக்கச் சொன்னபோது வீடு வீடாகத் திட்டு வாங்கியவர் அவர். 2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோது தலையில் கை வைத்து உட்கார்ந்தவரும் அவரே. இப்போது பிள்ளைகள் எல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். பாக்ஸ் திருப்பித் தருகிறவர்கள்தான் கடைக்கு அதிகம் வருகிறார்கள். ‘கேபிள் நியூஸ்’ பற்றி 25 எபிசோட் எடுத்திருக்கிறார்களே, அதில் எங்காவது கேபிள்காரன் தலை தெரிகிறதா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். தெரியவில்லை. கம்பத்தில் ஏறுகிறவன் அந்த உலகத்தில் இல்லை. சரி, ஒயரின் இந்த முனையில் உட்கார்ந்திருப்பவன் அந்த முனையைப் பார்க்கக் கூடாதா?

கடைசி சீசனில் என்னதான் நடக்கிறது?

மூன்று சரடு. ஒன்று, வில்லின் குழுவில் இருக்கும் நீல் சம்பத் (தேவ் படேல்) கைக்கு அரசாங்க ரகசிய ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. குண்டு என்ற கற்பனை நாட்டில் பொய்ச் செய்தி ஒன்றை நட்டு, அதனால் கலவரம் வெடித்து, ஆட்கள் செத்த விவகாரம் அதில் இருக்கிறது. போலீஸ் வருகிறது. நீல் நாட்டை விட்டே போய்விடுகிறான். கொடுத்தது யார் என்று சொல்ல மறுத்து வில் சிறைக்குப் போகிறார், 52 நாள்.

இரண்டு, சேனல் கைமாறுகிறது. லூகாஸ் ப்ரூயிட் என்று ஒரு கம்ப்யூட்டர் பணக்காரர் வாங்கிவிடுகிறார். செய்தியை ஆளுக்கு ஆள் போனில் எடுத்துப் போட்டால் போதும், நடிகர் நடிகை எங்கே நிற்கிறார்கள் என்று காட்டும் செயலி இருந்தால் போதும் என்பது அவர் கட்சி.

மூன்று, சார்லி செத்துப்போகிறார். கடைசி எபிசோட் அவருடைய சாவு வீடு.

ஆறே எபிசோட்தானா? அவசரமாக முடித்த மாதிரி இருக்கிறதே?

இருக்கிறது. முதல் சீசன் 10, இரண்டாவது 9, இது 6. நீலைப் பாருங்கள்: முதல் இரண்டு எபிசோடில் அவன்தான் கதாநாயகன், பிறகு ஆளையே காணோம், கடைசியில் வந்து சேனலின் இணையதளத்தை மூடு என்று இரண்டு வார்த்தை திட்டிவிட்டு நிற்கிறான். அவன் எப்படி இருந்தான், என்ன சாப்பிட்டான், யார் வீட்டில் ஒளிந்தான்? ஒன்றும் இல்லை. வில் சிறைக்குள் இருக்கும்போது கூடவே ஒரு கைதி வந்து வம்பு இழுக்கிறான். பிறகு பார்த்தால் அது வில்லின் செத்துப்போன அப்பா, மனப்பிரமை. அதற்கு அவ்வளவு நேரம். உயிரைப் பணயம் வைத்து ஓடியவனுக்கு நேரம் இல்லை.

இங்கிலீஷ் ரொம்ப வேகமாகப் பேசுகிறார்களே, புரியுமா?

சப்டைட்டில் போட்டும் எனக்கு இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருந்தது. எல்லாப் பாத்திரமும் ஒரே மூச்சில், ஒரே ஆள் எழுதிக் கொடுத்த மாதிரியே பேசும். ஏறக்குறைய ஒரே ஆள்தானே எழுதினார்.

நடந்து முடிந்த செய்தியை வைத்துக் கதை எடுப்பது ஏமாற்று வேலை இல்லையா?

பெரிய அளவில் ஏமாற்று வேலைதான். வினாத்தாள் கையில் கிடைத்த பிறகு பரீட்சை எழுதி நூறு மார்க் வாங்குவது மாதிரி. கடைசி சீசனின் முதல் எபிசோட் பாஸ்டன் மராத்தான் குண்டுவெடிப்பு. அது நடந்தது 2013 ஏப்ரல் 15. இரண்டு நாள் கழித்து, ஒருவரைக் கைது செய்துவிட்டார்கள் என்று நிஜமான சி.என்.என். தவறாகச் சொல்லி அவமானப்பட்டது. இணையத்தில் ஒரு கூட்டம் சம்பந்தமே இல்லாத மாணவன் ஒருவனைக் குற்றவாளி என்று கை காட்டியது. நம் ஏ.சி.என். மட்டும் அசையாமல் நின்று, உறுதியாகட்டும் என்று காத்திருக்கும். ஒன்றரை வருடம் கழித்து ஸ்கிரிப்ட் எழுதினால் யாரும் காத்திருக்கலாம்.

ஆனால் அந்தக் காத்திருப்பைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. காரணம் அமெரிக்காவில் இல்லை.

அப்படி என்ன காரணம்?

2016 டிசம்பர் 5, திங்கட்கிழமை. முதலமைச்சர் ஜெயலலிதா அப்போலோவில். சாயங்காலம் பல தமிழ் சேனல்கள் அவர் காலமாகிவிட்டார் என்று போட்டுவிட்டன. கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மருத்துவமனை மறுத்தது. சிகிச்சை நடக்கிறது என்றது. கொடி மறுபடி மேலே போனது.

அன்று நான் கடையில் இருந்தேன். எங்கள் தெருவில் கடைகள் ஷட்டரை இறக்கிய சத்தம் ஒரே நேரத்தில் வரிசையாகக் கேட்டது, தகரத்தில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி. ஆட்டோக்கள் காணாமல் போயின. எதிர் வீட்டு அக்கா ஒருவர் அடுப்பில் சோறு வைத்திருந்தார். செய்தி கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அரை மணி கழித்து, இல்லையாம் என்றதும் எழுந்து போய், பாதி வெந்த சோற்றுக்கு மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தார். கை நடுங்கித் தீக்குச்சி இரண்டு வீணாகிப்போனது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “இன்னா தம்பி, உங்க டிவில போறாங்கன்றான், வராங்கன்றான்?” என்றார். என்னவோ நான்தான் ஸ்விட்ச் போட்டு அணைத்த மாதிரி. போனும் நிற்கவில்லை, வாடிக்கையாளர் ஒருவர், ஒழுங்காகச் செய்தி வராத லைனுக்கு எதற்குக் காசு என்றே கேட்டுவிட்டார். நள்ளிரவுக்குப் பிறகு, இரவு 11:30-க்கு உயிர் பிரிந்ததாக மருத்துவமனையே அறிவித்தது. அந்த அக்கா ஒரே நாளில் இரண்டு தடவை துக்கம் காத்தார்.

‘நியூஸ்ரூம்’ முதல் சீசனின் நாலாவது எபிசோடில் இதே நிலைமை வரும். 2011 ஜனவரி 8 அன்று அரிசோனாவில் எம்.பி. கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் சுடப்படுகிறார். நிஜத்திலும் பெரிய பெரிய சேனல்கள் அவர் இறந்துவிட்டதாகச் சொல்லின, அவர் பிழைத்துக்கொண்டார். தொடரில் முதலாளியின் மகன் ஓடி வந்து, எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நீங்களும் சொல்லுங்கள், ஒவ்வொரு நொடியும் பார்வையாளர்கள் போகிறார்கள் என்று கத்துவான். டான் கீஃபர் என்ற தயாரிப்பாளர் மறுப்பார்: அவர் ஒரு மனுஷி, இறந்துவிட்டார் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், செய்தி அல்ல. நான் அந்த இடத்தில் டிவியை நிறுத்திவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

டான் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவார்.

செய்தியாளரைச் சிறையில் போடுவதெல்லாம் நடக்கிற காரியமா?

அமெரிக்காவில் நடந்திருக்கிறது. செய்தி கொடுத்தவர் பெயரைச் சொல்ல மறுத்து ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபர் ஜூடித் மில்லர் 2005-ல் 85 நாள் உள்ளே இருந்தார். அங்கே மத்திய அளவில் நிருபரைக் காக்கும் சட்டம் இல்லை. 1972-லேயே உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. நம் நாட்டிலும் பிரஸ் கவுன்சில் விசாரணையில் பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, அவ்வளவுதான். கோர்ட்டுக்கு அந்தத் தடை இல்லை.

நம் ஊரில் கோர்ட்டுக்குக்கூடப் போக வேண்டாம், சட்டமன்றமே போதும். 1987-ல் அட்டைப்படத்தில் வந்த ஒரு ஜோக்குக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே விட்டார்கள். 2003 நவம்பரில் ‘தி இந்து’ ஆட்களுக்கும் ‘முரசொலி’ ஆசிரியருக்கும் 15 நாள் என்று தீர்மானம் போட்டது, பிறகு உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதனால் வில் கைவிலங்கோடு போகும் காட்சியில் இது சினிமாத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. போவதற்கு முன் அவசரமாக மேக்கைக் கல்யாணம் செய்துகொள்வதுதான் சினிமாத்தனம்.

இந்தச் சரட்டில் மனதில் தைப்பது வேறு இடம். ஆவணங்களைக் கொடுத்த பெண் நீதித்துறைக் கட்டடத்தின் வாசலிலேயே தன்னைச் சுட்டுக்கொண்டு செத்துப்போகிறாள். வில் காத்த ரகசியம் யாருக்காகவோ அவள் போன பிறகும் அவர் உள்ளேயே கிடக்கிறார். அவளைப் பற்றிப் பிறகு ஒரு வாய் வார்த்தை பேசுவதற்குக்கூட தொடருக்கு நேரமில்லை. வில்லின் தியாகம் பற்றி மட்டும் எல்லோரும் பேசுகிறார்கள்.

சேனலை விற்கும் கதை நிஜமாக இருக்கிறதா?

இதில்தான் நான் தொழில்காரனாக உட்கார்ந்தேன். லியோனா நல்லவர், ப்ரூயிட் கெட்டவர் என்று தொடர் எளிதாகப் பிரித்துவிடுகிறது. லியோனாவும் முதல் சீசனில் வில்லை வேலையை விட்டுத் தூக்கப் பார்த்தவர்தான். பழைய முதலாளி போனால்தான் அருமை தெரியும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஆனால் பணம் எப்படி ஓடுகிறது என்பதைத் தொடர் காட்டவே இல்லை. ரேட்டிங், ரேட்டிங் என்று கத்துகிறார்களே ஒழிய, அந்த ரேட்டிங் எப்படிச் செய்யப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸை ஆன் செய்ததும், ரிமோட்டைத் தொடுவதற்கு முன்பே ஒரு சேனல் ஓடுகிறதா இல்லையா? அதற்கு லேண்டிங் பேஜ் என்று பெயர். அந்த இடத்துக்கு சேனல் காசு கொடுக்கிறது. நீங்கள் சீரியல் தேடி ரிமோட்டைத் தடவுகிற இடைவெளியில் அந்தச் செய்தி சேனலைப் ‘பார்த்தவர்’ ஆகிவிடுகிறீர்கள். 2018-ல் டிராய், அதாவது கேபிளை ஒழுங்குபடுத்தும் மத்திய ஆணையம், இதை நிறுத்தப் பார்த்தது. தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அந்தக் காசு எங்களுக்கு மேலே இருந்து சிக்னல் தரும் பெரிய கம்பெனி, அதாவது எம்.எஸ்.ஓ.வோடு நின்றுவிடும். கம்பத்தில் ஏறுகிறவனுக்கு வருவது திட்டு. 2020 அக்டோபரில் செய்தி சேனல்களின் ரேட்டிங்கையே நிறுத்தி வைத்து, 2022 மார்ச்சில்தான் மறுபடி விட்டார்கள். அந்த ஒன்றரை வருடம் சேனல்கள் ஒன்றும் அமைதியாகிவிடவில்லை. அதே கத்தல்தான். கத்துவது ரேட்டிங்குக்காக மட்டும் இல்லையோ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழகிப்போச்சு.

ப்ரூயிட்டைப் பார்த்தால் கோபம் வர வேண்டும். எனக்கு வேறு மாதிரி இருந்தது. அவர் சொல்வது முக்கால்வாசி நடந்துவிட்டது. என் கடை வாசலில் சுருட்டி வைத்திருக்கும் பழைய கோஆக்சியல் ஒயரைப் பார்த்தாலே தெரியும்.

ஐந்தாவது எபிசோட் என்றாலே முகத்தைச் சுளிக்கிறீர்களே, ஏன்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மேரி என்று ஒரு கல்லூரி மாணவி. பிரின்ஸ்டனில் படிக்கிறாள். ஒரு விருந்தில் இரண்டு பேர் அவளைப் பாலியல் வன்கொடுமை செய்திருக்கிறார்கள். போலீஸுக்குப் போனாள், மருத்துவப் பரிசோதனைக்குப் போனாள், ஒன்றும் நடக்கவில்லை. பாதிக்கப்பட்ட பெண்கள் தங்கள் பெயர் சொல்லாமல் ஆணின் பெயரைச் சொல்ல ஒரு இணையதளம் ஆரம்பிக்கிறாள். ப்ரூயிட்டுக்கு அவளையும் குற்றம்சாட்டப்பட்டவனையும் ஒரே மேடையில் நேரலையில் உட்கார வைக்க ஆசை. அவளைச் சம்மதிக்க வைக்க டானை அனுப்புகிறார்கள். அதே டான்.

டானுக்கு அந்த நிகழ்ச்சி பிடிக்கவில்லை. வேண்டாம் என்று அவளிடமே சொல்கிறார். அதுவரை சரி. அதற்குப் பிறகு, நிரூபிக்கப்படாத வரை அவனை நம்புவது தன் கடமை என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அவள் கல்லூரி விடுதி அறையில், அவளுடைய கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு. கடைசியில் சேனலில், ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி விட்டுவிடுகிறார். தொடர் இதை டானின் நேர்மையாகக் காட்டுகிறது.

அது ஒளிபரப்பானது 2014 டிசம்பர் 7. இரண்டு நாள் முன்புதான் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்ததாகத் தான் வெளியிட்ட பாலியல் வன்கொடுமைக் கட்டுரையில் முரண்பாடுகள் இருப்பதை ஒப்புக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் கட்டுரையையே திரும்பப் பெற்றது. அதனால் சிலர் சோர்கின் சொன்னது சரிதானே என்றார்கள். எழுத்தாளர் குழுவில் இருந்த அலீனா ஸ்மித், இந்தக் கதையை எதிர்த்துப் பேசியதற்காக அறையை விட்டு வெளியே அனுப்பப்பட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

முதல் தடவை பார்த்தபோது நானும் டான் பக்கம்தான். உறுதியாகத் தெரியாமல் ஒருவன் பெயரைச் சொல்லக் கூடாது, 2016 டிசம்பர் 5-ஐப் பார்த்தவன் நான் என்று வீட்டில் வாதாடினேன். என் மகள் விஸ்காம் படிக்கிறாள். ரிமோட்டை வாங்கி நிறுத்தினாள். “அவ சொல்றத நம்ப வேணாம்ப்பா, அவன் சொல்றதயும் நம்ப வேணாம். இந்தாளு நியூஸ்காரர்தானே? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாரா? ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எங்கன்னு கேட்டாரா? சும்மா கட்டிலுக்கு எதிர்ல உக்காந்து கோர்ட்டு பேசிட்டு வராரு.”

எனக்குப் பதில் இல்லை. கிஃபோர்ட்ஸ் விஷயத்தில் டாக்டர் சொல்லட்டும் என்று காத்திருந்தபோது, அங்கே ஆள் ஆளுக்கு மருத்துவமனைக்கு போன் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேரிக்கு யாரும் போன் எடுக்கவில்லை. நம்புவதா வேண்டாமா என்று தத்துவம் பேசிவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

அதற்கும் வடசென்னைக்கும் என்ன சம்பந்தம்? எப்போதும் இழுக்கிறீர்கள்.

இழுக்காமல் எப்படி. 2023 டிசம்பர் 26 ராத்திரி, பன்னிரண்டு மணி வாக்கில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. புயல் வெள்ளத்தில் எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படிந்து முழுசாக ஒரு மாசம்கூட ஆகவில்லை. என் தங்கையைச் சின்னக்குப்பத்தில் கொடுத்திருக்கிறோம். போன் செய்தாள். இருமல் நடுவில் பேசினாள். “ண்ணா, கண்ணு எரியுது, மூச்சு முட்டுது. புள்ளைங்கள தூக்கினு ரோட்டுக்கு வந்துட்டோம். டிவில இன்னான்னு போட்றான்?”

நான் கடையில் ஒவ்வொரு செய்தி சேனலாக மாற்றினேன். அந்த நேரத்தில் நான் தேடியது எதிலும் இல்லை. சேனலில் வேலை பார்க்கும் தெரிந்த பையனுக்கு போன் போட்டேன். கன்ஃபர்ம் ஆகட்டும் சார் என்றான். தப்பான பதில் இல்லை. நான் சொல்லிக்கொடுத்திருக்கிற பதில்தான். யார் கன்ஃபர்ம் செய்ய வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, அதிகாரிகள், கம்பெனி என்றான். ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போன ராத்திரி அது. ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ரோட்டில் நின்ற என் தங்கை கன்ஃபர்ம் இல்லை.

காத்திருப்பதும் விசாரிப்பதும் ஒன்றில்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு எண்ணூர் போ என்று அவனை அனுப்ப மேலே ஒரு சார்லி இல்லை. டானுக்கு சார்லி இருந்தார், இருந்தும் போகவில்லை. ஐந்தாவது எபிசோட் எனக்குக் கசப்பது அதனால்.

பெண் பாத்திரங்களை எழுதத் தெரியாது என்கிறார்களே?

முதல் சீசனில் அந்தக் குற்றச்சாட்டு நியாயம். மேக்குக்கு ஈமெயில் அனுப்பக்கூடத் தெரியாது என்று காட்டினார்கள், போர்முனைக்குப் போய்வந்த பத்திரிகையாளருக்கு. கடைசி சீசனில் வில்லின் குழுவில் இருக்கும் மேகி தேறிவிடுகிறாள். பாஸ்டனில் களத்தில் நிற்கிறாள். ரயிலில் ஒரு அதிகாரி போனில் பேசுவதை ஒட்டுக்கேட்டு, எழுதி வைத்து, பிறகு இதைப் பயன்படுத்துவது முறையில்லை என்று அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். அதற்குப் பரிசாக அவர் ஒரு பேட்டி தருகிறார். அந்தப் பெண்ணின் நிமிர்வு எனக்குப் பிடித்தது.

சேனலில் பொருளாதாரச் செய்தி சொல்லும் ஸ்லோன்தான் எப்போதும் போல என் கட்சி. நடிகர்களைத் துரத்தும் செயலியை நடத்துகிற ஆளைத் தன் நிகழ்ச்சியிலேயே உட்கார வைத்துத் தோலை உரிக்கிறாள். அதுவும் அதே ஐந்தாவது எபிசோடில்தான். ஒரே மணி நேரத்தில் இப்படியும் எழுதுகிறார், அப்படியும் எழுதுகிறார்.

மூன்றாவது எபிசோடில் அந்தச் சுற்றுச்சூழல் அதிகாரியின் பேட்டி சிரிப்பா, சீரியஸா?

மேகிக்குக் கிடைத்த பேட்டி அதுதான். காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 400 பங்கைத் தொட்டுவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அவர் சாவு வீட்டுக் குரலில் சொல்லச் சொல்ல, வில் ஏதாவது நம்பிக்கையாகச் சொல்லுங்களேன் என்று கெஞ்சுவார். அந்த அளவு ஹவாயில் நிஜமாகவே 2013 மே மாதம் பதிவானது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எர்ணாவூர்க்காரர் ஒருவரோடு சேர்ந்து பார்த்தேன். கடல் எடுத்துக்கொண்டு போன தெருவில் பிறந்தவர். அவர் சிரிக்கவில்லை.

சார்லி சாகும் இடம்?

கடைசி சீசனில் முழு மார்க் அதற்குத்தான். சார்லி சண்டை போட்டுச் செத்திருந்தால் வீரமரணம், மறந்திருப்பேன். அவர் அப்படிச் சாகவில்லை. ப்ரூயிட் சொன்னதை எல்லாம் தலையாட்டிச் செய்ய ஆரம்பிக்கிறார். வில் சிறையிலிருந்து வரும்வரை கடையை மூடாமல் வைத்திருக்க வேண்டும் என்று தனக்குப் பிடிக்காததைத் தன் பிள்ளைகள் மாதிரி வளர்த்தவர்கள் மேல் திணிக்கிறார். அவர்கள் முகத்தில் வெறுப்பைப் பார்க்கிறார். ஸ்லோன் செய்த காரியத்துக்காக அலுவலகம் நடுவில் நின்று கத்துகிறபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார்.

சார்லியாக நடித்த சாம் வாட்டர்ஸ்டனின் முகத்தில் அந்தக் கடைசி நாட்களின் களைப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா தன் சொந்த லைனை, பத்து வருடம் தன்னோடு மல்லுக்கட்டிய பெரிய ஆளிடமே பாதிக்கு மேல் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் கொடுத்த ரசீதுப் புத்தகத்தோடு வசூலுக்குப் போனார். வேலைப் பையன்கள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் எதற்காக அப்படிச் செய்தார் என்று அவர்களுக்குச் சம்பளம் கிடைத்த பிறகும் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை.

அப்போ முடிவு பிடித்ததா இல்லையா?

சாவு வீடு பிடித்தது. கார் ஷெட்டில் சார்லியின் பேரனோடு வில்லும் அவர் குழுவில் இருக்கும் ஜிம்மும் கிடார் எடுத்து ஒரு பழைய பாட்டைப் பாடுவார்கள். இதை அமெரிக்கக்காரர்கள் சிலர் வழிசல் என்கிறார்கள். நாங்கள் மரண கானா கேட்டு வளர்ந்தவர்கள். போனவரைப் பற்றி ஷாமியானாவுக்குக் கீழே ராத்திரி முழுக்கப் பாடாமல் அனுப்பி வைத்தால்தான் எங்களுக்கு வழிசல்.

பிடிக்காதது கணக்கு முடித்த விதம். சார்லியின் நாற்காலி மேக்குக்கு, மேக்கின் நாற்காலி ஜிம்முக்கு, மேக் கர்ப்பம், ப்ரூயிட் அடங்கிப்போகிறார், வில் கேமரா முன்னால் உட்கார்ந்து குட் ஈவினிங் சொல்ல, திரை இருட்டு. சேனலை வாங்கியவன் ஒரு சாவு வீட்டில் லியோனா நாலு வார்த்தை பேசியதும் திருந்திவிடுவானா? எங்கள் லைனை வாங்கியவர், அப்பா சாவுக்கு வந்து மாலை போட்டார், சாப்பிட்டார், மறுநாள் பாக்கியைக் கேட்டு ஆள் அனுப்பினார்.

குடும்பத்தோடு பார்க்கலாமா?

கெட்ட வார்த்தை நிறைய. மற்றபடி பார்க்கலாம். ரிமோட் யார் கையில் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளவும்.

மறுபடி பார்ப்பீர்களா?

போன மாதம் மழைக்கு, தெருவுக்கு சிக்னல் பிரிக்கும் நோடு பெட்டி போய் லைன் மொத்தமும் கட். பையன்கள் கம்பத்தில் இருந்தார்கள், நான் கடையில் காவல். லேப்டாப்பில் ஐந்தாவதைத் தாண்டிவிட்டு நேராக ஆறாவதைப் போட்டேன். மகள் கல்லூரியிலிருந்து வந்து குடையை மடக்கி மூலையில் வைத்தாள். என்ன எபிசோட் என்று பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஐந்தாவதுக்குத் திருப்பி வைத்துவிட்டு, என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, டான் விடுதிக் கதவைத் தட்டும் இடம் வரை ஓட்டினாள்.